முனைவர் பட்டம் வரை வரும் பெண்கள் அதன்பின் அறிவியலை விட்டு விலகுவது ஏன்? என்ன செய்தால் நிலைப்பார்கள்?

ஆர்வம் குறைந்துவிடுகிறது என்று பலர் சொல்கிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. இந்தியாவில் அறிவியல், தொழில்நுட்பப் பட்டம் பெறுவோரில் ஏறத்தாழ 43 சதவீதத்தினர் பெண்கள். ஆனால் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் 2019-20 புள்ளிவிவரப்படி, ஆய்வுப் பணியில் நேரடியாக ஈடுபட்டிருப்போரில் பெண்கள் 16.6 சதவீதம்தான். இத்தனை பேருக்கும் திடீரென்று ஆர்வம் வற்றிவிடுமா?

நான் உயிர்வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவள். குழந்தை பிறந்தபின் சில ஆண்டுகள் விலகியிருந்து, திரும்பி வந்தவள். பட்டம் வாங்குவதற்கும் முதல் நிரந்தர வேலை கிடைப்பதற்கும் இடைப்பட்ட காலத்தில்தான் பெரும்பாலோர் விடுபட்டுப் போகிறார்கள். அந்தக் காலம் முழுவதும் ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தப் பணிகள். ஊர் மாற வேண்டும், வெளிநாடு போய்வந்தால் மதிப்பு, வயது வரம்பு வேறு. திருமணம், பிள்ளைப்பேறு, வீட்டுப் பெரியவர்களின் உடல்நலம் எல்லாம் அதே ஆண்டுகளில்தான் வந்து சேரும். ஆணுக்கும் அதே வயதுதான். ஆனால் அவர் இரவு முழுக்க ஆய்வகத்தில் இருந்தால் யாரும் கணக்குக் கேட்பதில்லை. நேர்காணல் ஒன்றில் என் ஆய்வைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே, "குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள்?" என்று கேட்டார்கள். என் கணவரிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை.

1933இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கமலா சோஹோனிக்கு இடம் மறுக்கப்பட்டபோது, பெண் என்பதே காரணம் என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். அவர் விடவில்லை; சோதனைக் காலம் என்ற நிபந்தனையுடன் சேர்ந்து படித்து, 1939இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார். இன்று யாரும் அப்படிச் சொல்வதில்லை. வயது வரம்பும் மாலை ஆறு மணிக்குத் தொடங்கும் ஆய்வுக் கூட்டமும் அதே வேலையைச் செய்கின்றன.

2017 சட்டத் திருத்தம் பேறுகால விடுப்பை 26 வாரமாக்கியது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. உதவித்தொகையில் இருக்கும் ஆய்வு மாணவியோ ஊழியர் கணக்கில் வருவதில்லை. அவருக்குப் பல்கலைக்கழக மானியக் குழு 2016 விதிகளில் 240 நாள் வரை விடுப்பும், ஆய்வை முடிக்க இரண்டு ஆண்டு கூடுதல் அவகாசமும் தந்தது. இது பல மாணவிகளுக்குத் தெரிவதே இல்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம்.

இடைவெளிக்குப்பின் திரும்புவோருக்காக மத்திய அரசு 2002-03இல் பெண் விஞ்ஞானிகள் திட்டத்தைத் தொடங்கியது. அருமையான திட்டம், எனக்குத் தெரிந்த சிலர் அதனால்தான் மீண்டும் ஆய்வகத்துக்கு வந்தார்கள். ஆனால் அதன் மூன்று ஆண்டு உதவித்தொகை முடிந்ததும் என்ன? அனுபவம் கூடியிருக்கும், வயதும் கூடியிருக்கும், கையில் வேலை இருக்காது. திரும்பிவரும் பெண்ணுக்கு உதவித்தொகையோடு நிரந்தரப் பணிக்கான வழியும் வேண்டும். விலகியிருந்த ஆண்டுகளை வயதுக் கணக்கிலிருந்து கழித்தாலே பாதிச் சிக்கல் தீரும்.

எனக்கு உதவியது பெரிய திட்டம் எதுவும் அல்ல. என் நெறியாளர் வாராந்தரக் கூட்டத்தைக் காலை பதினொரு மணிக்கு மாற்றினார். விடுப்புக்கு முன் நான் செய்திருந்த சோதனைகளுக்காகக் கட்டுரையில் என் பெயரைத் தவறாமல் சேர்த்தார். இரண்டுக்கும் ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. ஆய்வுக்குழு நடத்துபவர்கள் யாராவது இதைப் படித்தால், இந்த வாரமே செய்யலாம்.

நீங்கள் ஆய்வு மாணவியாக இருந்தால், உங்கள் பல்கலைக்கழகத்தின் விடுப்பு விதியை இப்போதே வாங்கிப் படியுங்கள். விடுப்பை எழுத்தில் கேளுங்கள். பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.