ட்யூஷன் எடுக்க ஆசை, எங்கிருந்து ஆரம்பிப்பது?

பாடம் நன்றாகத் தெரியும், சொல்லிக்கொடுத்த அனுபவம் இல்லை, ட்யூஷன் எடுக்க எப்படித் தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு பாடம், ஒரே ஒரு மாணவர், அப்படித் தொடங்குங்கள். எடுத்த எடுப்பில் ஐந்து பேரைச் சேர்த்து பேட்ச் போட்டால் வருமானம் கூடும்தான். ஆனால் ஐந்து பேர் வந்து உட்கார்ந்ததுமே நாம் வகுப்பறைப் பாணிக்குப் போய்விடுவோம். பள்ளியில் கேட்ட பாடத்தையே இன்னொரு தடவை கேட்க யாரும் தனியாகப் பணம் கட்டத் தேவையில்லை. ஆசிரியர் பயிற்சி இல்லையே என்றும் தயங்க வேண்டாம். நீங்கள் எடுக்கப்போகும் வகுப்பைவிட இரண்டு வகுப்பு மேலே உள்ள பாடமும் உங்களுக்குத் தெளிவாக இருந்தால் போதும்.

நான் பல வருடங்களாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். இந்த வேலையில் முதலில் பழக வேண்டியது, பிள்ளையின் தப்பைப் படிப்பது. 52-இல் 38 போனால் எவ்வளவு என்று கேட்டால் ஒரு பிள்ளை 26 என்று எழுதும். வீட்டில் அதைக் கவனக்குறைவு என்பார்கள். நோட்டை உற்றுப் பாருங்கள். 8-இல் 2 போனால் 6, 5-இல் 3 போனால் 2. எது மேலே, எது கீழே என்று பார்க்காமல் எல்லா இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது. அப்படியானால் 71-இல் 46 போனால் 35 என்றுதான் எழுதும், நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடலாம். 1978-இல் ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இருவர் பிள்ளைகளின் கழித்தல் தப்புகளை ஆராய்ந்து எழுதினார்கள். அவற்றில் பல, மனம்போன போக்கில் வருபவை இல்லை. பிள்ளை ஒரு தப்பான விதியை ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறது என்று காட்டினார்கள்.

இந்தப் பிள்ளைக்கு இன்னும் ஐம்பது கணக்குக் கொடுத்தால் தப்பான விதிதான் கெட்டிப்படும். பத்துப் பத்தாகக் குச்சிகளைக் கட்டி, 5 கட்டும் 2 உதிரியும் கையில் கொடுத்து, 38 குச்சி எடுக்கச் சொல்லுங்கள். ஒரு கட்டைப் பிரிக்காமல் எடுக்கவே முடியாது. கடன் வாங்கிக் கழிப்பது என்றால் என்னவென்று அங்கேதான் பிடிபடும்.

அதனால் முதல் வகுப்பில் எதையும் நடத்தாதீர்கள். பழைய விடைத்தாள்களை வாங்கிப் பாருங்கள். ஒரு கணக்கைக் கொடுத்து, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போடச் சொல்லுங்கள். நடுவில் திருத்த வாய் துறுதுறுக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970-களில் வகுப்பறைகளைக் கவனித்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது ஏறக்குறைய ஒரு விநாடிதான் என்று கண்டார். அதை மூன்று விநாடியாக்கினாலே பதில்கள் நீண்டன, பதில் சொல்லாமல் இருப்பது குறைந்தது. ஒரே ஒரு பிள்ளை முன்னால் இருக்கும்போது அதைவிட அதிகமாகவே காத்திருக்கலாம்.

அப்புறம், பெற்றோர் அடிக்கடி சொல்வது ஒன்று உண்டு: "வீட்ல கேட்டா எல்லாம் தெரியும்ங்கறா, பரீட்சையில விட்டுடறா." புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படித்தால், தெரிந்த மாதிரி ஒரு நம்பிக்கை வந்துவிடும். 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் நடத்திய சோதனையில், திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து முன்னணியில் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, படித்ததைப் பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதியவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது. ஆகவே ஒவ்வொரு வகுப்பையும் புத்தகத்தை மூடி வைத்துத் தொடங்குங்கள். போன வகுப்பில் பார்த்ததை ஒரு வெள்ளைத்தாளில் எழுதட்டும். மதிப்பெண் போடாதீர்கள், விட்டுப்போனதை மட்டும் பேசுங்கள்.

மாணவர் கிடைப்பது தெரிந்தவர்கள் மூலமாகத்தான். விளம்பரத்துக்குச் செலவு செய்ய வேண்டாம், சொந்தபந்தத்திடமும் நண்பர்களிடமும் எந்தப் பாடம், எந்த வகுப்பு என்று தெளிவாகச் சொல்லி வையுங்கள். ஒரு வகுப்பை வேண்டுமானால் இலவசமாக எடுக்கலாம், ஒரு மாதத்தை வேண்டாம். கட்டணம், எந்தத் தேதிக்குள் தருவது, பிள்ளை வராத நாளுக்கு என்ன கணக்கு என்பதையெல்லாம் முதல் நாளே பேசிவிட வேண்டும். பின்னால் பேசுவது இரண்டு பக்கமும் சங்கடம். வகுப்பு நடக்கும்போது வீட்டில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும், அறைக்கதவு திறந்திருக்க வேண்டும் என்பதையும் அதே பேச்சில் சொல்லிவிடுங்கள். ஆன்லைன் என்றால் பிள்ளையின் முகத்தைவிட நோட்டு கேமராவில் தெரிவதுதான் முக்கியம், பேனா எங்கே நிற்கிறது என்று பார்க்க முடிய வேண்டும்.

இத்தனை மதிப்பெண் வாங்க வைக்கிறேன் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். மாதக் கடைசியில் "நல்லாப் படிக்கிறா" என்று மட்டும் சொல்லி அனுப்பவும் வேண்டாம். "பின்னங்களைக் கூட்டும்போது கீழே உள்ள எண்களையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டிருந்தாள், அது நின்றுவிட்டது, வகுத்தலில் இன்னும் தடுமாறுகிறாள்" என்று நோட்டைத் திறந்து காட்டுங்கள். அடுத்த மாணவரை உங்களிடம் அனுப்பப்போவது பெரும்பாலும் அந்த அம்மாவோ அப்பாவோதான்.