இணையப் படிப்பு: பார்த்தால் போதுமா?

கேள்வி: என்பிடெல் (ஐஐடிகள் நடத்தும் இணையப் படிப்பு) பாடம் ஒன்றில் சேர்ந்திருக்கிறேன். 12 வாரம். வீட்டில் சிக்னல் சுமார்தான். இதில் உண்மையில் பயன் உண்டா? சான்றிதழ் கிடைக்குமா?
- கல்லூரி மாணவி, மன்னார்குடி

பதில்: பயன் நிச்சயம் உண்டு. ஐஐடி பேராசிரியரின் பாடத்தை மன்னார்குடியில் இருந்தபடி, புரியாத இடத்தில் நிறுத்தி நிறுத்திக் கேட்கலாம், கட்டணமும் இல்லை. ஆனால் பாடத்தில் சேர்வது வேறு, தேர்வுக்குப் பதிவு செய்வது வேறு. பலர் கோட்டை விடுவது இங்கேதான். தேர்வுக்குத் தனிக் கட்டணம், தனிக் கடைசித் தேதி. இன்றே பார்த்துக் குறித்து வையுங்கள்.

நூறு மதிப்பெண்ணில் வாராவாரம் தரும் பயிற்சிகளுக்கு 25, தேர்வுக்கு 75. 12 பயிற்சிகளில் சிறந்த 8 மட்டுமே கணக்கில் வரும். அதனால் சிக்னல் போய் ஒன்றிரண்டு தவறினாலும் பயப்பட வேண்டாம். சான்றிதழுக்குப் பயிற்சியில் 25க்குக் குறைந்தது 10, தேர்வில் 75க்குக் குறைந்தது 30 இரண்டும் தேவை. பயிற்சி விடைகளை யாரோ அனுப்பியதைப் பார்த்து எழுதினால் அந்தப் 10 வந்துவிடும். ஆனால் தேர்வு மையத்தில் நேரில் எழுதும் தேர்வில் கை கொடுக்க யாரும் இருக்க மாட்டார்கள்.

சிக்னல் நன்றாக இருக்கும் நேரத்தில் வீடியோவைத் தரவிறக்கிவிடுங்கள், 360பி என்ற குறைந்த தரமே போதும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, பார்க்காமல் நோட்டில் எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லை என்றால் புரியவில்லை என்று அர்த்தம்.

குறை என்றால், சந்தேகத்துக்கு உடனே பதில் வராது. ஆய்வகப் பழக்கமும் வீடியோவில் கிடைக்காது. அதற்கு உங்கள் கல்லூரி ஆய்வகம்தான் வழி. இந்தப் பாடம் உங்கள் கல்லூரிப் படிப்பில் கணக்கில் சேர (கிரெடிட்) வேண்டுமானால், துறைத் தலைவரிடம் முன்கூட்டியே எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள்.