கோடையில் தூண்டில் இரை சாகாமல் இருக்க

கேள்வி: ஞாயிறுதோறும் கண்மாய்க்குத் தூண்டில் போடச் செல்கிறேன். எருக்குழியிலிருந்து எடுத்துவந்த மண்புழுக்களைப் பிளாஸ்டிக் டப்பாவில் ஈர மண்ணோடு அடைத்து ஃபிரிட்ஜில் வைத்தேன். இரண்டாம் நாளே செத்து நாறிவிட்டன. வெளியில் வைத்தாலும் மூன்று நாளுக்கு மேல் தாங்குவதில்லை. அடுத்த ஞாயிறு வரை உயிரோடு வைத்திருக்க வழி உண்டா, ஐயா?
— வாசகர், சமயநல்லூர்

பதில்: ஃபிரிட்ஜில் வைக்கும் யோசனை குளிர்நாட்டுத் தூண்டில்காரர்களிடமிருந்து வந்தது. அவர்களுடைய புழு குளிரில் ஒடுங்கிக் கிடந்து, வெளியே எடுத்ததும் உயிர்ப்போடு நெளியும். நம் பக்கத்து எருக்குழிகளில் பெரும்பாலும் வளர்க்கப்படும் யூட்ரிலஸ் என்ற பருத்த புழு ஆப்பிரிக்காவின் வெப்பப் பகுதியைச் சேர்ந்தது. ஏறத்தாழ 25 முதல் 30 டிகிரி வரை அதற்கு உகந்தது. 10 டிகிரிக்குக் கீழே போனால் தாங்காது. ஃபிரிட்ஜின் உட்புறமோ 4 அல்லது 5 டிகிரியில் இருக்கிறது. ஆகவே உங்கள் கைப்பக்குவத்தில் குறை ஒன்றும் இல்லை. வைத்த இடம்தான் பொருந்தவில்லை.

வெளியில் வைத்தபோது அவை செத்ததற்கு வெயிலும் காற்றின்மையும் காரணமாக இருக்கலாம். மண்புழுவுக்கு நுரையீரல் கிடையாது. ஈரமான தோல் வழியாகவே அது மூச்சு விடுகிறது. தோல் காய்ந்தால் மூச்சு நின்றுவிடும். மண் சேறாகிக் காற்றுப் புகாமல் போனாலும் அதே கதிதான். சித்திரை, வைகாசியில் மதுரையின் பகல் வெப்பம் பல நாட்கள் 40 டிகிரியை எட்டும்போது, மூடிய பிளாஸ்டிக் டப்பாவுக்குள் இருக்கும் புழு வெந்துபோகும் என்றே சொல்ல வேண்டும்.

இதற்கு நான் நம்பிப் பயன்படுத்துவது, குடிதண்ணீருக்கு வைத்திருந்து பழசாகிப்போன, பெயின்ட் பூசாத அகன்ற வாய் மண்பானை. பானைச் சுவரில் கசியும் ஈரம் ஆவியாகும்போது உள்ளிருக்கும் வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. குடிநீரைக் குளிரவைக்கும் அதே வேலையைப் புழுவுக்கும் அது செய்கிறது. பானையைச் சுற்றி நனைத்த சணல் சாக்கைக் கட்டி, கொல்லைப்புறத்தில் நாள் முழுவதும் வெயில் படாத, காற்றோட்டமுள்ள மூலையில் வையுங்கள். வாயை மெல்லிய பருத்தித் துணியால் கட்டினால் போதும். தட்டு போட்டு மூட வேண்டாம்.

உள்ளே வெறும் மண்ணை நிரப்பாதீர்கள். ஒரு மாதமாவது கிடந்து சூடு தணிந்த மக்கிய சாணமும், இரண்டு மூன்று முறை அலசி உப்பு நீக்கிய தேங்காய் நார்க்கழிவும், புழு எடுத்த இடத்து மண்ணும் கலந்து முக்கால் பானை வரை போடுங்கள். பச்சைச் சாணம் புளிக்கும்போது கொதிப்பெடுத்துப் புழுவைக் கொன்றுவிடும் என்பதால் அதைக் கிட்டவே சேர்க்காதீர்கள். கலவையை ஒரு பிடி எடுத்து இறுக்கினால் விரலிடுக்கில் ஓரிரு சொட்டு நீர் கசிய வேண்டும்; ஒழுகினால் ஈரம் மிகுதி, கசியவே இல்லையென்றால் குறைவு. ஒன்றரை அடி அகலப் பானைக்கு நூறு புழுக்களுக்கு மேல் போடாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கு எத்தனை புழு செலவாகிறது என்று கணக்குப் பார்த்தால் அதற்கு மேல் தேவைப்படவும் செய்யாது.

தீனியில்தான் பலரும் தவறுகிறார்கள். புழு பட்டினி கிடக்குமே என்ற இரக்கத்தில் சோற்றையும் காய்கறிக் கழிவையும் அள்ளிப் போட, அது புளித்துச் சூடேறிப் பானை முழுவதையும் கெடுத்துவிடுகிறது. மக்கிய சாணமே ஒரு வாரத்துக்குப் போதுமான உணவு. அதற்கு மேலும் கொடுக்க விரும்பினால் வாரம் ஒருமுறை ஒரு சிட்டிகை தவிடு தூவுங்கள். உப்பு, எண்ணெய், மிளகாய், எலுமிச்சைத் தோல், ஊறுகாய் எதுவும் உள்ளே போகக் கூடாது.

மூன்றாம் நாளில் ஒருமுறை கிளறிப் பாருங்கள். புளிச்ச வாடை வந்தால் தீனி மிகுதி. புழுக்கள் சுவரேறி வாயருகே கூடினால் உள்ளே சூடோ, அழுகலோ, அதிக ஈரமோ இருக்கிறது என்று பொருள். மழைக்கு முந்திய இரவிலும் அப்படி ஏறுவது உண்டு. தோண்டும்போது மண்வெட்டி பட்டு அறுந்த புழு இரண்டாகப் பிழைத்துவிடும் என்று நம்பி அதையும் சேர்த்துப் போடுகிறார்கள். அது இரண்டு புழுவாக ஆவதில்லை. அறுந்த துண்டு அழுகி மற்றவற்றையும் கெடுக்கிறது. அறுந்ததை அன்றைக்கே தூண்டிலில் கோத்துவிடுங்கள்.

எறும்புக்காகப் பானையைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்துவது நல்ல வழக்கம். ஆனால் நம் வெப்பத்தில் கொசு முட்டை ஏழு முதல் பத்து நாளில் கொசுவாகிப் பறந்துவிடும். எனவே நான்கு நாளுக்கு ஒருமுறை தட்டைத் தேய்த்துக் கழுவித் தண்ணீரை மாற்றுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இதை மறக்கவே கூடாது.

புறப்படுவதற்கு முந்திய இரவு, தேவையான புழுக்களை மட்டும் எடுத்து ஈரமான நார்க்கழிவில் தனியாகப் போட்டு வையுங்கள். வயிற்றிலுள்ள மண் வெளியேறித் தோல் கெட்டிப்படும். முள்ளில் கோக்கும்போது எளிதில் கிழியாது.

கேள்வி: விராலுக்காகப் பிடித்துவைக்கும் சிறு கெண்டைகள் ஒரே இரவில் மிதந்துவிடுகின்றன. தண்ணீர் சுத்தமாகத்தான் இருக்கிறது. மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர்தான் ஊற்றுகிறேன்.
— வாசகர், செல்லூர்

பதில்: நமக்குச் சுத்தமான தண்ணீர் மீனுக்கு நஞ்சாகலாம். குழாய்த் தண்ணீரில் கிருமி கொல்லச் சேர்க்கும் குளோரின் மீனின் செவுளை அரித்துவிடும். அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்திருந்து, பிறகு பயன்படுத்துங்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் என்றால் அதில் காற்றுக் குறைவு. இரண்டு வாளிகளுக்கிடையே உயரத் தூக்கி ஏழெட்டு முறை மாற்றி ஊற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்தது வெப்பம். 20 டிகிரித் தண்ணீர் ஒரு லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும். 30 டிகிரியில் அது ஏழரையாகக் குறைகிறது. மீனுக்கோ வெப்பம் ஏற ஏற மூச்சு அதிகம் வேண்டும். இருபது லிட்டர் தொட்டியில் இரண்டு அங்குலக் குஞ்சு பத்துக்கு மேல் வேண்டாம். மீன் தொட்டிக் கடைகளில் கிடைக்கும் சிறு காற்று மோட்டாரைப் போட்டுவையுங்கள். நாளுக்கு மூன்றில் ஒரு பங்குத் தண்ணீரை மாற்றுங்கள். வைகை அணைப் பக்கம் பேருந்தில் கொண்டுபோவதானால் முந்திய நாள் தீனி நிறுத்திவிடுங்கள். கழிவு குறைவதால் வழியில் தண்ணீர் கெடாது.

தவளைக் குஞ்சை இரையாகப் போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அதைத் தவிர்த்துவிடுங்கள். சில தவளை இனங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் இடம்பெற்றவை. வயலில் பூச்சியைத் தின்று உழவருக்கு உதவுபவையும்கூட.

கேள்வி: மீந்துபோன மீன்குஞ்சைத் தூண்டில் போட்ட கண்மாயிலேயே விட்டுவிடலாமா?
— வாசகர், மேலூர்

பதில்: அந்தக் கண்மாயிலேயே பிடித்தது என்றால் விடலாம். வேறு கண்மாயிலோ கடையிலோ வாங்கியது என்றால் விடக் கூடாது. 1952இல் நம் நாட்டுக்குக் கொண்டுவந்த ஜிலேபி மீன் (திலாப்பியா) இன்று எந்தக் கண்மாயில் வலை போட்டாலும் சிக்குகிறது. நம் ஊர் மீன்களான அயிரையையும் உளுவையையும்தான் தேட வேண்டியிருக்கிறது. மீந்த குஞ்சை வீட்டுத் தொட்டியிலேயே வைத்திருந்து அடுத்த முறைக்குப் பயன்படுத்துங்கள். குஞ்சு கிடந்த தண்ணீரில் நோய்க்கிருமி இருக்கக்கூடும் என்பதால் அதையும் கண்மாயில் ஊற்றாமல் வாழை மரத்தடியில் ஊற்றிவிடுங்கள்.