வயல் கொசுவும் மூளைக்காய்ச்சலும்

கேள்வி: எங்கள் வீடு வயலை ஒட்டி இருக்கிறது. தெருவில் பன்றிகள் திரிகின்றன. பன்றியின் அருகே போனாலே மூளைக்காய்ச்சல் தொற்றிவிடுமாமே?
– வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: தொற்றாது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் நோயாளியிடமிருந்தும் ஒட்டாது. கியூலெக்ஸ் கொசு கடித்துத்தான் வரும். நெல்வயலில் தேங்கும் நீரில் பெருகும் இந்தக் கொசு, கொக்கு, மடையான் போன்ற பறவைகளிடமிருந்தும் பன்றியிடமிருந்தும் வைரஸை எடுத்துக்கொள்கிறது. பன்றியின் ரத்தத்தில் வைரஸ் ஏராளமாகப் பெருகும், பன்றியோ பெரும்பாலும் நன்றாகவே நடமாடும். அதனால் பன்றிப் பட்டி குடியிருப்பை விட்டுத் தள்ளியே இருக்க வேண்டும். மனித உடலில் அந்த அளவு பெருகாததால், நோயாளியைக் கடித்த கொசு நோயைப் பரப்பாது.

டெங்கு கொசு பகலில் கடிக்கும். இந்த வயல் கொசு பொழுது சாய்ந்து விடியும் வரை, பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே கடிக்கும். மாலையில் பிள்ளைகளுக்கு முழுக்கைச் சட்டை போடுங்கள். வாசலில் படுத்தாலும் கொசுவலை வேண்டும். வயலுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது இடையிடையே காயவிட்டுத் தண்ணீர் கட்டினால் புழுக்கள் கொசுவாகும் முன்பே காய்ந்து சாகும். பக்கத்து வயல்காரர்களும் சேர்ந்து செய்தால்தான் பலன்.

கேள்வி: என் மகனுக்கு 2 வயது முடிந்துவிட்டது. மூளைக்காய்ச்சல் தடுப்பூசி ஒரு தவணைதான் போட்டோம். மறுபடி முதலிலிருந்து போட வேண்டுமா?
– வாசகர், கடலூர் மாவட்டம்

பதில்: வேண்டாம். விட்டுப்போன தவணையை மட்டும் போட்டால் போதும். நோய்ப் பரவலுள்ள மாவட்டங்களில் 9 மாதம் முடிந்ததும் ஒரு தவணை, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று என அரசு இலவசமாகப் போடுகிறது. தடுப்பூசி அட்டையோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இந்த வாரமே போய்விடுங்கள். இந்தியாவில் இந்நோய் முதலில் கண்டறியப்பட்டதே 1955-ல், வேலூர்ப் பகுதியில்தான். வைரஸை அழிக்கும் மருந்து இன்றுவரை இல்லை. தொற்றியவர்களில் நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே மூளை பாதிக்கும். ஆனால் அப்படிப் பாதிக்கப்பட்டவர்களில் 30 சதவீதம் வரை இறக்க நேரிடுகிறது. பிழைப்பவர்களிலும் பலருக்குக் கை கால் முடக்கமோ வலிப்போ தங்கிவிடுகிறது. அதனால்தான் ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள் என்கிறோம்.

கேள்வி: காய்ச்சலோடு வலிப்பு வந்தால் என்ன செய்வது?
– வாசகி, திருவண்ணாமலை

பதில்: ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் இரும்பு கொடுப்பது, வாயில் கரண்டி வைப்பது, தண்ணீர் ஊற்றுவது எதுவும் கூடாது. வலிப்பு எத்தனை நிமிடம் நீடித்தது என்று கவனியுங்கள். உடனே 108-ஐ அழையுங்கள். காய்ச்சல், வாந்தியோடு குழந்தை பிதற்றினாலும், ஆளை அடையாளம் தெரியாமல் விழித்தாலும், வலிப்புக்காகக் காத்திருக்காமல் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். அங்கே முதுகில் நீர் எடுக்கச் சொன்னால் மறுக்காதீர்கள். தண்டுவடம் முடியும் இடத்துக்குக் கீழேதான் ஊசி போடுவார்கள். அதனால் கால் விழுந்துவிடாது. நோயை உறுதிசெய்ய அந்த நீர்தான் சிறந்த சான்று.