கிட்னி பழுதான முதிய நாய்: வீட்டில் என்ன செய்யலாம், ஊசி எப்போது?

கேள்வி: நாங்கள் தலவாக்கலைப் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். எங்கள் டொமிக்கு வயது 13. ஒரு வருடமாகவே நிறையத் தண்ணீர் குடித்தான், மெலிந்துகொண்டே வந்தான். பேராதனை மிருக வைத்தியசாலைக்குக் கொண்டுபோய்க் காட்டினோம். இரண்டு கிட்னியும் பழுது, கிரியேட்டினின் 6க்கு மேல், இனிச் சில வாரங்கள்தான் என்றார்கள். ஊசி போட்டு நோகாமல் அனுப்பிவிடலாம் என்கிறான் கொழும்பில் இருக்கும் தம்பி. அம்மாவோ அது பாவம், தானாகப் போகட்டும் என்கிறார். மகள் இந்த வருடம் புலமைப்பரிசில் எழுதுகிறாள், அவளுக்கு இன்னும் சொல்லவில்லை. கண்டியில் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டோம் என்று சொல்லலாமா? டொமியை வீட்டில் வைத்து எப்படிப் பார்ப்பது? எப்போது போதும் என்று முடிவெடுப்பது டொக்டர்?

பதில்: முடிவு பற்றிய கேள்விக்கு முதலில் வருகிறேன். மலைநாட்டில் இருப்பவர்களுக்கு ‘நேரம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்’ என்பது சரிவராது. நாய்க்கு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வலிப்பு வந்தால் என்ன செய்வீர்கள்? வெளியே மழையும் பனிமூட்டமும். ஓட்டோ கிடைக்காது. பேராதனைக்கு ஹட்டன், கினிகத்தேனை, நாவலப்பிட்டி என்று வளைந்து வளைந்து மூன்று மணித்தியாலம்போல் ஓடவேண்டும். வாந்தியில் இருக்கும் நாய்க்கு அந்தப் பயணமே பெரிய தண்டனை. ஆகவே, என்ன நடந்தால் ஊசி, யார் வந்து போடுவார், எங்கே புதைப்பது என்ற மூன்றையும் டொமி இன்னும் வாலாட்டிக்கொண்டிருக்கும்போதே பேசி முடித்துவிடுங்கள். பேசி வைத்தால் நாளைக்கே செய்யவேண்டும் என்றில்லை.

கிட்னியின் வேலையில் முக்கால் பங்கு போன பிறகுதான், அது வெளியேற்றவேண்டிய கழிவான கிரியேட்டினின் இரத்தத்தில் ஏறவே தொடங்கும். நாய்களில் அது 5ஐத் தாண்டினால் கிட்னி நோயின் நான்காம் கட்டம். அதற்குமேல் கட்டம் இல்லை. சேலைன் ஏற்றினால் எண் கொஞ்சம் இறங்கும், நாய் எழுந்து உட்காரும், வீட்டில் எல்லோரும் சுகமாகிவிட்டது என்று நம்புவார்கள். போன கிட்னி திரும்பாது. (எலிக்காய்ச்சலால் திடீரென்று கிட்னி பழுதாகியிருந்தால் கதை வேறு, அதில் மீண்டு வரும் நாய்கள் உண்டு. ஒரு வருடமாக மெலிந்தான் என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இது அதுவல்ல.)

ஆனாலும் இருக்கும் வாரங்களை நல்லபடியாகக் கழிக்க வைக்கலாம். ராத்திரியில் காம்பராவுக்குள் சிறுநீர் போகிறான் என்று தண்ணீர்ச் சட்டியை எடுத்து வைக்கும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அவன் உடம்பு தண்ணீரைப் பிடித்துவைக்க முடியாமல் விடுகிறது, குடிக்காவிட்டாலும் போகும். அடியில் பழைய துணியைப் போடுங்கள், தண்ணீரைப் பக்கத்திலேயே வையுங்கள்.

தோலுக்கடியில் சேலைன் ஏற்றுவதை வீட்டிலேயே செய்யலாம். வைத்தியரிடம் ஒருமுறை கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள். சேலைன் போத்தலை இளஞ்சூட்டுத் தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்துக் குளிர் போக்கிவிட்டு, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் தோலைக் கூடாரம்போல் தூக்கி, அந்த மடிப்புக்குள் ஊசியை விடவேண்டும். தோலடியில் முட்டையளவு வீக்கம் வரும். அது மெல்லச் சரிந்து முன்காலுக்குக்கூட இறங்கும், பயப்பட வேண்டாம், சில மணித்தியாலத்தில் உறிஞ்சிவிடும். எவ்வளவு, எத்தனை நாளைக்கு ஒருமுறை என்பதை அவர்தான் சொல்லவேண்டும். இதயக் கோளாறும் இருந்தால் இதே சேலைன் நுரையீரலில் தண்ணீர் கட்டச் செய்துவிடும்.

சாப்பிடாததற்குக் காரணம் பெரும்பாலும் குமட்டல். இரத்தத்தில் கழிவு தேங்குவதால் வாய்க்குள் புண் வரும், மூச்சில் மூத்திர வாடை அடிக்கும். முதலில் குமட்டலுக்கு மருந்து கேளுங்கள், சாப்பாடு அப்புறம். குழைந்த சோறும் அவித்த முட்டை வெள்ளையும் கிட்னிக்குப் பாரமில்லாதவை. ஈரல், எலும்பு, கருவாடு வேண்டாம். சாப்பாட்டை இளஞ்சூடாக்கிக் கொடுங்கள். நம் குளிரில் ஆறிய சோற்றுக்கு மணமே இருக்காது, நாய் மூக்கால்தானே சாப்பிடுகிறது. கடைசி நாட்களில் அவன் கேட்பது ஒரு துண்டு கோழிதான் என்றால் கொடுத்துவிடுங்கள், அந்தக் கட்டத்தில் பத்தியம் பார்த்து லாபமில்லை. வெங்காயம், பூண்டு போட்ட கறியை மட்டும் எப்போதும் தவிருங்கள். வாயைத் திறந்து ஊட்டாதீர்கள்: புரையேறி நுரையீரலுக்குள் போனால் புதிதாக ஒரு நோய்.

வீட்டில் இருக்கும் பெனடோல், டைக்ளோபெனாக், ஐபுபுரூஃபன் எதையும் கொடுக்க வேண்டாம். பின்னிரண்டும் மிச்சமிருக்கும் கிட்னியையும் முடித்து, குடலில் புண்ணையும் போடும்.

சதை போன நாய்க்கு சிமெந்துத் தரை ஐஸ்தான். சாக்கு விரித்து மேலே கம்பிளி போடுங்கள். உரம் வந்த பைகளை மட்டும் விரிக்காதீர்கள், எவ்வளவு கழுவினாலும் நக்குவான். அடுப்புக்குப் பக்கத்தில் படுக்க விடுவதும் எனக்குப் பிடிக்காது, எழும்ப முடியாத நாய் சூடு பட்டாலும் நகராது. சுடுதண்ணீர்ப் போத்தலைத் துவாயில் சுற்றி முதுகோடு வைத்தால் போதும். எழும்பாத நாள் வந்தால் சில மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள். பின்பக்கத்து முடியை வெட்டி ஈரமில்லாமல் துடையுங்கள். இலையான் மொய்த்தால் புழு விழ அதிக நேரம் எடுக்காது. ராத்திரி இஸ்தோப்பில் படுக்க விடாதீர்கள். சிறுத்தை லயத்து வாசல்வரை வந்து நாயைத் தூக்கும் ஊர் இது, ஓட முடியாத கிழ நாய்தான் அதற்குச் சுலபம்.

விசர்நாய்த் தடுப்பூசி ஒழுங்காகப் போட்டிருக்கிறீர்களா என்று அட்டையைப் பாருங்கள். கிட்னிக் கோளாறில் வரும் வலிப்பையும் உமிழ்நீரையும் விசரிலிருந்து கண்ணால் பார்த்து மட்டும் பிரிக்க முடியாது. கடைசி நாட்களில் யாரையாவது கடித்தால், தன் நாய்தானே என்று விடாமல் காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சரி, எப்போது போதும்? அலிஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்க மிருக வைத்தியர் 2004இல் ஓர் அளவுகோல் கொடுத்தார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் கூடவா என்ற ஏழுக்கும் பத்துக்கு எத்தனை என்று புள்ளி போடவேண்டும். மொத்தம் 35க்கு மேல் இருந்தால் வைத்துப் பார்க்கலாம் என்பது கணக்கு. அன்புள்ளவர்கள் புள்ளியை அள்ளிப் போடுவார்கள் என்பதுதான் இதில் எனக்குள்ள சந்தேகம். அதனால் நீங்கள் தனியாகவும் அம்மா தனியாகவும் போட்டுவிட்டு, பிறகு ஒப்பிடுங்கள். அதோடு சுவரில் தொங்கும் கலண்டரில் ராத்திரிக்கு ராத்திரி நல்ல நாள், கெட்ட நாள் என்று குறியுங்கள். டொமிக்கே உரிய இரண்டு மூன்று பழக்கங்களையும் எழுதி வையுங்கள்: கொழுந்து லொறிக்குக் குரைப்பது, அம்மாவோடு பீலிவரை போவது, தேத்தண்ணி நேரத்தில் பிஸ்கட்டுக்குக் காத்திருப்பது, இப்படி. அவை ஒவ்வொன்றாக நின்றுபோவதைக் கலண்டரே காட்டும். குடித்த தண்ணீரையும் வாந்தி எடுப்பது, வலிப்பு, நீங்கள் வீட்டுக்குள் வரும்போது தலையைக்கூடத் தூக்காதது: இவற்றில் எது வந்தாலும் அடுத்த பகல் வெளிச்சத்திலேயே வைத்தியரை வரவழையுங்கள்.

வைத்தியரை இப்போதே பிடித்து வையுங்கள். தோட்டத்து மாடு பார்க்க வரும் அரசாங்க மிருக வைத்தியரிடம் கேட்கலாம். சிலர் தங்கள் மத நம்பிக்கையால் இந்த ஊசியைப் போடமாட்டார்கள். அது அவர்கள் உரிமை, ஆனால் உங்களுக்கு அது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். 2006 முதல் தெருநாய்களைக் கொல்வதை அரசு நிறுத்தியதை வைத்து இந்த ஊசியும் சட்டவிரோதம் என்று சிலர் சொல்வார்கள். நோயாளி நாய்க்கு வைத்தியர் போடும் ஊசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பொதுவாக முதலில் மயக்க ஊசி போடுவோம். நாய் உங்கள் மடியிலேயே தூங்கிவிடும். பிறகு முன்காலில் இரத்தக் குழாய் வழியாக மயக்க மருந்தையே மிகை அளவில் ஏற்றுவோம். சில வினாடியில் நினைவு போகும், சில நிமிடத்தில் இதயம் நிற்கும். கண் மூடாது. நின்ற பிறகும் ஓரிரு தடவை மூச்சு இழுப்பதுபோல் வயிறு தூக்கலாம், தசை துடிக்கலாம், சிறுநீர் போகலாம். உயிர் போன பிறகு உடம்பு செய்வது அது, நாய்க்கு ஒன்றும் தெரியாது.

அம்மாவிடம் பாவ புண்ணியம் பேசி வாதாட நான் வரவில்லை. ஆனால் தானாகப் போவது என்றால் தூக்கத்தில் போவது என்று அவர் நினைத்திருக்கலாம். கிட்னியில் அப்படி நடப்பது குறைவு. பெரும்பாலும் நாள்கணக்கில் குமட்டலும் வாய்ப்புண்ணும் வலிப்புமாகத்தான் இழுக்கும். அதைத் தெரிந்துகொண்டும் அவர் வேண்டாம் என்றால், குமட்டலுக்கும் வலிப்புக்கும் வலிக்கும் மருந்து வீட்டில் தயாராக இருக்கட்டும். அதுவும் மரியாதையான வழிதான். ஒன்று மட்டும் சொல்வேன்: கொழும்பிலிருந்து போனில் சொல்பவரைவிட, ராத்திரி எழும்பித் துணி மாற்றுகிறவர் பேச்சுக்கு எடை அதிகம்.

புதைப்பதற்குத் தோட்ட ஆபீசில் அனுமதி கேட்டு இடம் பார்த்து வையுங்கள். பீலிக்கும் ஊற்றுக்கும் மேற்புறமாக வேண்டாம். நான்கு அடியாவது தோண்டி மேலே கல் அடுக்குங்கள், இல்லாவிட்டால் காட்டுப்பன்றி கிளறிவிடும். ஊசி மருந்து உடலில் தங்கியிருக்கும், கிளறித் தின்னும் விலங்குக்கும் அது விஷம்.

மகளுக்குப் பெரியம்மா வீட்டுக் கதை வேண்டாம். அவன் மெலிவதை அவள் தினமும் பார்க்கிறாள். கிட்னி வேலை செய்யவில்லை, சுகமாக்க மருந்து இல்லை, நோகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள், கலண்டர் குறிக்கும் வேலையை அவளிடம் கொடுங்கள். பரீட்சை முடியட்டும் என்று டொமியை இழுத்துக்கொண்டு போகவும் வேண்டாம். ஊசியன்று கூட இருக்கிறாளா என்று அவளையே கேளுங்கள். இருப்பேன் என்றால் கண் மூடாது, வயிறு தூக்கும் என்பதையெல்லாம் முதலே சொல்லி வையுங்கள். மாட்டேன் என்றாலும் அவளைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டு முடிக்காதீர்கள். டொமியிடம் சொல்லிவிட்டுப் போய் அடுத்த வீட்டில் யாரோடாவது இருக்கட்டும், முடிந்ததும் நீங்களே போய்ச் சொல்லுங்கள்.