ஜூன் அறிவிப்பு வரட்டும் என்று மேக் வாங்காமல் பொறுக்கலாமா?

கேள்வி: புத்தகம், அழைப்பிதழ்களுக்குப் பக்க வடிவமைப்பு செய்வது என் தொழில். 2019-இல் வந்த 16 அங்குல இன்டெல் மேக்புக் ப்ரோ வைத்திருக்கிறேன். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனுக்கான பழைய ப்ளக்-இன்கள் (துணை நிரல்கள்), ஒரு பழைய லேசர் பிரிண்டர், பழைய தமிழ் எழுத்துருக்களுக்கான விசைப்பலகை எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. கையில் ஐபோன் 12. புது மேக் வாங்கப் போனால், "ஜூனில் ஆப்பிள் புதுசா ஏதோ அறிவிக்கப் போகுது, பொறுங்க" என்கிறார்கள். பொறுக்க வேண்டுமா? அறிவித்த அன்றே பீட்டாவைப் போட்டுப் பார்க்கலாமா?

பதில்: மேக் தேவை என்றால் பொறுக்க வேண்டாம். ஆனால் பணம் கட்டும் முன், இப்போதுள்ள கணினியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எது புதிய கணினிக்கு வரும், எது வராது என்று கணக்கெடுங்கள். பீட்டாவை, அதாவது முழுப் பதிப்புக்கு முன் வரும் சோதனைப் பதிப்பைப் பொறுத்தவரை, மேக் இயங்குதளமான மேக்ஓஎஸ்-இன் 27-ஆம் பதிப்பு உங்கள் இன்டெல் மேக்கில் ஏறவே ஏறாது. ஐபோனுக்கான பீட்டா உங்கள் போனில் ஏறலாம்; ஏறினாலும் அது தொழிலுக்கான போன், போடாதீர்கள்.

ஆப்பிள் ஆண்டுதோறும் ஜூனில் நடத்தும் மாநாடு மென்பொருள் எழுதுபவர்களுக்கான கூட்டம். புதுக் கருவிகள் அதில் எப்போதாவதுதான் வரும். 2022-இல், ஆப்பிளின் சொந்தச் சில்லான எம்2 உள்ள மேக்புக் ஏர் வந்தது. 2023-இல் 15 அங்குல ஏர், மேக் ஸ்டுடியோ, மேக் ப்ரோ எல்லாம் வந்தன. தலையில் அணியும் விஷன் ப்ரோவையும் காட்டினார்கள். 2021, 2024, 2025 மூன்று ஆண்டுகளிலும் ஒரு கணினிகூட வரவில்லை. மாநாடு நெருங்கிவிட்டது, மனம் கேட்கவில்லை என்றால், வாங்கும் கடையில் திறந்த பெட்டியைத் திருப்பித் தர எத்தனை நாள் அவகாசம் என்று கேளுங்கள். முதல் நாள் உரை அந்த அவகாசத்துக்குள் வரும்படி வாங்கினால் போதும். உரை வழக்கமாகக் கலிபோர்னியாவில் காலை 10 மணி, நமக்கு இரவு 10.30.

அன்று காட்டுவது அன்றே கைக்கு வருவதும் இல்லை. மென்பொருள் எழுதுபவர்களுக்கான பீட்டா அன்றே வரும், பொது பீட்டா ஜூலையில், முழுப் பதிப்பு செப்டம்பர் நடுவில். ஐபோன் இயங்குதளமான ஐஓஎஸ்-இன் 18-ஆம் பதிப்பு வந்தது 2024 செப்டம்பர் 16. ஐஓஎஸ் 26 வந்தது 2025 செப்டம்பர் 15. அதற்குப் பிறகும் இழுத்தவை உண்டு. 2021 ஜூனில் மேடையில் கைதட்டல் வாங்கிய யுனிவர்சல் கன்ட்ரோல் (ஒரே விசைப்பலகையால் மேக், ஐபேட் இரண்டையும் இயக்கும் வசதி) 2022 மார்ச்சில்தான் வந்தது. 2022-இல் காட்டிய ஃப்ரீஃபார்ம் என்ற வரைபலகைச் செயலி அந்த டிசம்பரில். 2024 ஜூனில், நம் அஞ்சல், செய்தி, நாட்காட்டியை எல்லாம் பார்த்துப் பதில் சொல்லும் சிரி ஒன்றைக் காட்டினார்கள். 2025 மார்ச்சில் 'தாமதமாகும்' என்று அறிவிப்பு. அந்த ஆண்டு ஜூன் மேடையிலும் 'இன்னும் நேரம் வேண்டும்' என்றார்கள். அதை நம்பி ஐபோன் 16 வாங்கியவர்கள் பட்டது போதும். மேடையில் காட்டியதற்காகப் பணம் கட்டாதீர்கள், கணினியில் ஓடுவதற்குக் கட்டுங்கள்.

இந்த சிரி விவாதத்தில் நீங்கள் தலையிடவே வேண்டியதில்லை. அந்தச் சிரி அடங்கிய ஆப்பிள் இன்டெலிஜென்ஸ், அதாவது ஆப்பிளின் செயற்கை நுண்ணறிவு வசதி, ஐபோன் 15 ப்ரோவிலும் அதற்குப் பிந்தைய சில்லு உள்ள போன்களிலும் மட்டுமே ஓடுகிறது. 8 ஜிபி நினைவகம் அதற்கு வேண்டும். ஐபோன் 12-இல் இருப்பது 4 ஜிபி. மேக்கில் எம்1 தொடங்கி ஓடும், இன்டெலில் கிடையாது. ஐஓஎஸ் 26 வந்தபோது அதன் மொழிப் பட்டியலில் தமிழும் இல்லை.

ஸ்னோ லெப்பர்ட் என்ற பழைய மேக் பதிப்பை வைத்து இன்னொரு விவாதம் ஒவ்வோர் ஆண்டும் கிளம்பும்: "புது வசதியே வேண்டாம், ஸ்னோ லெப்பர்ட் மாதிரி பிழையை மட்டும் திருத்தித் தாருங்கள்." 2025-இல் வந்த லிக்விட் கிளாஸ் தோற்றத்தில் எழுத்து சரியாகத் தெரியவில்லை என்ற புகாருக்குப் பிறகு இந்தக் குரல் கூடியிருக்கிறது. (உங்களுக்கும் அந்தத் தொல்லை இருந்தால், 26.1 பதிப்பு முதல் போனில் செட்டிங்ஸ், டிஸ்ப்ளே அண்ட் பிரைட்னஸ், லிக்விட் கிளாஸ் போய் 'டின்டெட்' என்று மாற்றலாம். அதுவும் போதாதென்றால் அக்ஸசிபிலிட்டியில் 'ரெட்யூஸ் டிரான்ஸ்பரன்சி'.) ஸ்னோ லெப்பர்டை நினைத்து உருகுபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். 2009 ஆகஸ்டில் வந்த புதிதில், விருந்தினர் கணக்கில் நுழைந்து வெளியே வந்தால் சிலருக்கு சொந்தக் கோப்புகள் மொத்தமும் அழிந்தன, 10.6.2-இல்தான் அது சரியானது. பிழை திருத்தும் பதிப்பு என்றாலும் முதல் நாளே ஏற்றுவது ஆபத்துதான்.

ஸ்னோ லெப்பர்டிடம் உங்களுக்கு வேறொரு பாடம் இருக்கிறது. இன்டெலுக்கு முந்தைய சில்லான பவர்பிசி உள்ள கணினிகளைக் கைவிட்ட முதல் பதிப்பு அது. பழைய பவர்பிசி மென்பொருளை இன்டெலில் ஓட்டிய ரொசெட்டா அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. 2011-இல் அடுத்த பதிப்பான லயன் வந்ததும் போய்விட்டது. இப்போதும் அதே வரிசைதான். இன்டெல் மேக்குகளுக்குக் கடைசிப் பதிப்பு டஹோ, அதாவது மேக்ஓஎஸ் 26, என்று ஆப்பிளே 2025 ஜூனில் சொல்லிவிட்டது. இன்டெல் மென்பொருளை எம் வரிசைச் சில்லில் ஓட்டும் ரொசெட்டா 2 பொதுப் பயன்பாட்டுக்கு மேக்ஓஎஸ் 27 வரை இருக்கும். அதற்குப் பிறகு, பராமரிப்பில்லாத சில பழைய விளையாட்டுகளுக்கு மட்டும் ஒரு பகுதி மிஞ்சும். இது வதந்தி இல்லை, சொல்லிவிட்ட செய்தி. உங்கள் திட்டத்தை இதன்மேல் போடுங்கள். 28-ஆம் பதிப்பு வழக்கப்படி 2027 இலையுதிர் காலத்தில் வரும் என்று வைத்தால், பழைய ப்ளக்-இன்களுக்கு மாற்றுத் தேட உங்களுக்குள்ள காலம் அவ்வளவுதான்.

இனிக் கணக்கெடுப்பு. ஆப்ஷன் விசையை அழுத்தியபடி ஆப்பிள் மெனுவைத் திறந்தால் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' வரும். இடப்பக்கம் சாஃப்ட்வேர் என்பதன் கீழ் 'அப்ளிகேஷன்ஸ்'. பட்டியல் நிரம்பச் சற்று நேரமாகும். 'கைண்ட்' என்ற தலைப்பைச் சொடுக்கி வரிசைப்படுத்துங்கள். 'யுனிவர்சல்' என்று இருப்பவற்றைப் பற்றிக் கவலையில்லை. 'இன்டெல்' என்று இருப்பவை மட்டுமே ரொசெட்டாவை நம்பி இருப்பவை. அவற்றைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பழைய 32 பிட் வகை மென்பொருள் உங்களிடம் இருக்காது, ஏனென்றால் உங்கள் கணினி வந்ததே கேட்டலினாவோடு. 32 பிட்டை நிறுத்திய பதிப்பு அது.

சிக்கல் வரப்போவது ப்ளக்-இன்களில். அவை இந்தப் பட்டியலில் தெரியாது. ஒரு மென்பொருள் எந்தச் சில்லுக்காக ஓடுகிறதோ அதே வகை ப்ளக்-இன்தான் அதற்குள் ஏறும். புதிய மேக்கில் இன்டிசைன் இயல்பாக எம் சில்லுக்கே திறக்கும். இன்டெல் ப்ளக்-இன் பட்டியலில் காணாமல் போகும், பெரும்பாலும் ஒரு பிழைச் செய்திகூட வராது. "புது கணினியில் ப்ளக்-இன் தொலைந்துவிட்டது" என்ற புலம்பலுக்குப் பொதுவான காரணம் இதுதான். தற்காலிக மருந்து: அப்ளிகேஷன்ஸ் கோப்புறையில் மென்பொருளைத் தேர்ந்து 'கெட் இன்ஃபோ' திறந்து, 'ஓபன் யூசிங் ரொசெட்டா' பெட்டியில் குறியிடுவது. வேகம் குறையும், ப்ளக்-இன் வரும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். இன்டிசைனின் ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் ப்ளக்-இன்னைப் புதிதாகத் தொகுத்தாக வேண்டும். ஆகவே 2020-க்கான ப்ளக்-இன் இன்றைய இன்டிசைனில் ரொசெட்டா போட்டாலும் ஏறாது. அதே பழைய இன்டிசைனையும் கூடவே ஏற்ற வேண்டும். ப்ளக்-இன் எந்த வகை என்று தெரியாவிட்டால், டெர்மினலில் 'ஃபைல்' என்ற ஆங்கிலக் கட்டளையைத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, ப்ளக்-இன் பொதிக்குள் உள்ள நிரல்கோப்பை இழுத்துப் போடுங்கள். விடையில் 'ஆர்ம்64' இருந்தால் அது எம் சில்லிலும் ஓடும்.

விசைப்பலகை விஷயம் இரண்டு விதம். லைப்ரரி கோப்புறையில் 'கீபோர்டு லேஅவுட்ஸ்' உள்ளே '.கீலேஅவுட்' என்று முடியும் கோப்பாக இருந்தால் அது வெறும் எழுத்துக் கோப்பு. எந்தச் சில்லானாலும் ஓடும், அப்படியே நகலெடுங்கள். 'இன்புட் மெத்தட்ஸ்' கோப்புறையில் தனி நிரலாக இருந்தால் அதற்கும் ரொசெட்டா கணக்கு உண்டு. எழுத்துருக்களில் ட்ரூடைப் வகைக்குச் சிக்கலில்லை. போஸ்ட்ஸ்கிரிப்ட் டைப் 1 எழுத்துருக்களை அடோபி மென்பொருள்கள் 2023 ஜனவரியோடு கைவிட்டன. பழைய புத்தகம் எதையாவது மறுபதிப்புக்குத் திறக்க நேரும் என்றால், பழைய கணினியில் இருக்கும்போதே பிடிஎஃப் ஆக்கி வைத்துவிடுங்கள்.

பிரிண்டருக்கு முதலில் ஏர்பிரிண்ட் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் தனி டிரைவரே வேண்டாம். இல்லாமல், போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற அச்சு மொழி புரியும் இயந்திரமாக இருந்தால் 'ஜெனரிக் போஸ்ட்ஸ்கிரிப்ட்' என்று சேர்த்து ஒரு பக்கம் அடித்துப் பாருங்கள். இந்தச் சோதனையை இன்டெல் மேக்கிலேயே செய்யலாம். யூஎஸ்பி டாங்கிள் (உரிமச் சாவி) செருகித் திறக்கும் மென்பொருள் ஏதாவது இருந்தால் எச்சரிக்கை: அதன் டிரைவர் கெர்னல் எக்ஸ்டென்ஷனாக, அதாவது இயங்குதளத்தின் அடித்தளத்தில் ஏறும் நிரலாக இருந்தால், அதை ரொசெட்டா மொழிபெயர்க்காது. டாங்கிள் நிறுவனம் புதிய டிரைவர் தந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

நினைவகத்தை வாங்கும்போதே முடிவு செய்யுங்கள், பின்னால் கூட்ட முடியாது. 16 ஜிபிக்குக் குறைய வேண்டாம். பெரிய படங்களோடு புத்தகம் செய்பவருக்கு 24 ஜிபி கட்டுப்படியாகும். சில்லின் எண்ணைவிட இதற்குப் பணம் போடுவது மேல். பழைய மேக்கை உடனே விற்காதீர்கள். டஹோவிலோ இப்போது நன்றாக ஓடும் பதிப்பிலோ நிறுத்தி, ஆறு மாதம் பக்கத்தில் வைத்திருங்கள். நடப்புப் பதிப்புக்கும் முந்தைய இரண்டுக்கும் பாதுகாப்புத் திருத்தம் தருவது ஆப்பிளின் வழக்கம் என்பதால், டஹோவுக்கு 2028 வரை ஓட்டம் இருக்கும்.

இப்படியும் பீட்டா ஆசை விடவில்லை என்றால், புது மேக் வந்த பிறகு செய்யுங்கள். டிஸ்க் யுடிலிட்டியில் உள்வட்டைத் தேர்ந்து '+' சொடுக்கி ஒரு ஏபிஎஃப்எஸ் வால்யூம் (வட்டில் ஒரு தனிப் பகுதி) சேருங்கள். 60 ஜிபியாவது காலியாக இருக்க வேண்டும். ஆப் ஸ்டோரிலிருந்து நடப்பு மேக்ஓஎஸ்-இன் முழு நிறுவியை இறக்கி அந்த வால்யூமில் நிறுவி, அதிலிருந்து கணினியைத் துவக்குங்கள். பிறகு அதற்குள் போய் 'சாஃப்ட்வேர் அப்டேட்'டில் பீட்டாவை இயக்குங்கள். தொழில் செய்யும் வால்யூமில் இருந்துகொண்டே இயக்கினால் அதுவே பீட்டா ஆகிவிடும். பலர் வழுக்குவது இங்கேதான். பீட்டா வால்யூமில் உங்கள் வழக்கமான ஐகிளவுட் கணக்கைப் போடாதீர்கள், தனிக் கணக்கு ஒன்று தொடங்குங்கள். 2019-இல் ஐஓஎஸ் 13-இல் 'ரிமைண்டர்ஸ்' பட்டியலைப் புது வடிவுக்கு மாற்றியவர்களுக்கு, கேட்டலினா வரும்வரை மேக்கில் அந்தப் பட்டியல் தெரியவில்லை. பீட்டாவைத் தனி வால்யூமில் அடைக்கலாம், ஐகிளவுடில் அடைக்க முடியாது.

ஐபோனில் நண்பர் யாராவது போட்டே தீருவேன் என்றால், முதல்நாள் இரவே போனை மேக்கில் செருகி, ஃபைண்டரில் 'என்க்ரிப்ட் லோக்கல் பேக்கப்' குறியிட்டு முழு நகல் எடுக்கச் சொல்லுங்கள். குறியிடாவிட்டால் கடவுச்சொற்களும் உடல்நலத் தரவும் நகலில் வராது. பிறகு 'மேனேஜ் பேக்கப்ஸ்' போய், கன்ட்ரோல் விசையோடு சொடுக்கி 'ஆர்க்கைவ்' செய்ய வேண்டும். ஏனென்றால் பீட்டாவில் எடுத்த நகல் பழைய பதிப்பில் ஏறாது. ஆர்க்கைவ் செய்யாத நகலின்மேல் அடுத்த நகல் எழுதிவிடும். பழைய பதிப்புக்குத் திரும்பி வர, போனை மேக்கில் செருகி, ஒலி கூட்டும் பொத்தான், குறைக்கும் பொத்தான் இரண்டையும் ஒருமுறை தட்டி, பக்கப் பொத்தானைப் பிடித்திருந்தால் ரெக்கவரி திரை வரும். 'அப்டேட்' அல்ல, 'ரீஸ்டோர்' தேர வேண்டும். போன் துடைத்தெடுத்ததுபோல் காலியாகும், பிறகு அந்த ஆர்க்கைவை ஏற்றலாம். கைக்கடிகாரத்துக்கு மட்டும் இந்த வழியும் இல்லை. வாட்ச்ஓஎஸ் பீட்டாவிலிருந்து பழைய பதிப்புக்கு வீட்டில் இருந்தபடி யாராலும் திரும்ப முடியாது, முழுப் பதிப்பு வரும்வரை அதோடுதான் இருந்தாக வேண்டும்.