பெப்டைட் வாங்கினால் அமிலமும் வாங்கணுமா?

கேள்வி: பெங்களூரு எலகங்காவில் ஒரு தனியார் பயோடெக் கம்பெனி லேபில் வேலை பார்க்கிறேன். ஆன்லைனில் 5 மி.கி. பெப்டைட் (அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி) குப்பி வாங்கினோம். தண்ணீர் விட்டால் கரையாமல் திப்பித் திப்பியாக மிதக்கிறது. "0.6 சதவீத அசிட்டிக் அமிலம் தனி பாட்டிலாகத் தருகிறோம், எல்லோரும் அதைத்தான் வாங்குகிறார்கள்" என்கிறார் விற்றவர். வாங்கலாமா?
– வாசகி, அல்சூர்

பதில்: "எல்லோரும்" என்ற வார்த்தைதான் இடிக்கிறது. எதில் கரையும் என்பது பெப்டைடுக்குப் பெப்டைட் மாறும். குப்பிக்கான சர்டிபிகேட்டில் உள்ள அமினோ அமில வரிசையை எடுத்து, மின்னூட்டத்தைக் கணக்கிடுங்கள். லைசின், ஆர்ஜினின் ஒவ்வொன்றுக்கும் கூட்டல் ஒன்று, சங்கிலியின் ஆரம்ப முனைக்கும் அதேதான். ஆஸ்பார்ட்டிக், குளுட்டாமிக், கடைசி முனை ஆகியவற்றுக்குக் கழித்தல் ஒன்று. மொத்தம் கூட்டலில் வந்தால் நீர்த்த அசிட்டிக் அமிலம் பெரும்பாலும் கைகொடுக்கும். கழித்தலில் வந்தால் அமிலம் விடாதீர்கள், இன்னும் திரளும். அதற்கு நீர்த்த அம்மோனியா. ஆனால் வரிசையில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் இருந்தால் அம்மோனியா பக்கமே போகக் கூடாது.

அமிலம்தான் வேண்டும் என்றாலும் அந்தப் பாட்டிலுக்குக் காசு கொடுக்க வேண்டாம். உங்கள் லேபிலேயே கிளேசியல் (நீர் கலக்காத) அசிட்டிக் அமிலம் இருக்கும். 9 மி.லி. சுத்த நீரில் 1 மி.லி. அமிலம் விட்டால் 10 சதவீதம். (நீரில்தான் அமிலம், மாற்றி ஊற்றக் கூடாது.) குப்பியிலிருந்து துளியளவு தனியே எடுத்து, இதைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பாருங்கள். தெளிந்தால் மீதிக்கும் செய்யலாம். சமையலறை வினிகரும் அசிட்டிக் அமிலம்தானே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். செல்களில் சோதிப்பதாக இருந்தால், பெப்டைட் இல்லாத அதே அமிலக் கரைசலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இல்லாவிட்டால் செல் செத்தது எதனால் என்றே தெரியாது.

இன்னொன்று: 98 சதவீதம் தூய்மை என்று போட்டிருந்தாலும் 5 மி.கி.யும் பெப்டைட் ஆகாது. உப்பும் ஈரமும் சேர்ந்த எடை அது. பெப்டைட் அளவு 75 சதவீதம் என்று தனியாகக் குறித்திருந்தால், கையில் இருப்பது 3.75 மி.கி.தான். அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

ஜிம் நண்பர்கள் யாராவது இதே குப்பியை ஊசியாகப் போடலாமா என்று கேட்டால், வேண்டவே வேண்டாம். ஆராய்ச்சிக்கு மட்டும் என்று விற்பது மருந்துத் தரத்தில் தயாரானதல்ல. எதில் கரைத்தாலும் அது மாறாது.

கம்பெனி வியாபாரத்துக்காக வாங்கிய பொருளுக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொதுவாகக் கைகொடுக்காது. அடுத்த ஆர்டரிலேயே, கரையாவிட்டால் மாற்றித் தர வேண்டும் என்று எழுதி வாங்கிவிடுங்கள்.